களிம்புக் களவு

பூமாரியின் கன்னத்துக்கு விலை ஆறே முக்கால் ரூபாய். மாட்டுங்கா மருந்துக்கடைக்காரர் சொன்ன விலை அது. பேரம் பேசிப் பார்த்தும் காலணா இறங்கவில்லை.

தாராவியில் தோல் பை தைக்கும் நயினாரின் எட்டு மாதக் குழந்தை பூமாரிக்கு இரண்டு கன்னத்திலும் கரப்பான். சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"காலம்பற ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மெல்லிசா தடவணும். அப்பினேள்னா பிஞ்சுத் தோல் தேஞ்சுடும். ஒரு ட்யூப் ஒரு மாசம் வரும்."

மூன்றாம் நாளே ட்யூப் சப்பிப் போய்க் கிடந்தது.

"ஏட்டி, களிம்பை யாருக்குக் குடுத்த?" என்று மனைவி சொர்ணம்மாளைக் கேட்டார் நயினார்.

"நான் என்ன தோசைக்கா தடவுனேன்?" என்றாள் அவள்.

அந்த வரிசையில் பன்னிரண்டு வீடு. சொர்ணம் குழாயடிக்குப் போகும்போதெல்லாம் பூமாரி இடுப்புக்கு இடுப்பு மாறி மற்றப் பதினோரு வீட்டையும் சுற்றி வருவாள். பால்புட்டியும் களிம்பும் வைத்த துணிப்பையும் கூடவே சுற்றும். எவளோ எடுத்துத் தன் முகத்துக்குப் பூசிக்கொள்கிறாள் என்று நயினார் முடிவுகட்டினார். அடுத்த வீட்டு லூசியம்மாளின் முகம் வேறு சமீபமாகப் பளபளத்தது.

இரண்டாவது ட்யூபைத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அன்று பார்த்து ஓவர்டைம். சாயங்காலப் பூச்சு தவறி, குழந்தை கன்னத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டது. சொர்ணம் பேச்சை நிறுத்தினாள். நயினார் பெட்டியைத் திறந்துவிட்டார். ட்யூப் மறுபடி இளைத்தது.

மூன்றாவது ட்யூபின் அடிப்பக்கத்தில், தோலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைப் பூசி வைத்தார். பெற்றவள் மூடிப்பக்கம் பிடித்துச் சிக்கனமாக எடுப்பாள்; களவாணிதான் அடியைப் பிடித்துப் பிதுக்குவாள் என்பது அவர் கணக்கு. ஒட்டினால் சோப்புக்கும் போகாத சாயம்.

சாயங்காலம் வீடு திரும்பினார். பூமாரி நெற்றி முதல் கழுத்து வரை சிவந்து கிடந்தாள். அவளை வாரி எடுத்துக்கொண்டு மாட்டுங்கா டாக்டரிடம் ஓடினார். பின்னாலேயே சொர்ணமும் லூசியம்மாளும் ஓடினார்கள்.

டாக்டர் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தார். சிவப்பு பஞ்சோடு வந்தது.

"கரப்பான் அடங்கிடுத்து. ஆனா தோல்தான் தேய ஆரம்பிச்சிருக்கு. இதென்ன, முகமெல்லாம் விரல் ரேகை? யார் யார் தடவினேள்?"

நயினார் லூசியம்மாளின் கையைப் பார்த்தார். அவள் சிவந்த விரல்களை மறைக்கவில்லை. மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"அடுத்தவ மறக்காமப் போட்டிருப்பான்னு எப்படி நம்புறது அய்யா? அதான் வீட்டுக்கு வீடு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பதினோரு வீட்டுக்கு இருபத்திரண்டு. பெத்தவ போட்டது ரெண்டு. அவளும் போட்டிருக்க மாட்டான்னு நயினார் அண்ணாச்சி ஒளிச்சு ஒளிச்சுப் போட்டது ரெண்டு. ஆகமொத்தம் இருபத்தாறு."