புள்ளிகள் இறங்கிய படிக்கட்டு

தீ ஒத்திகைக்கான அபாய மணி அடித்து நாலு நிமிடம் ஆகிவிட்டது. புள்ளிக்காரர் ஸ்டாப்வாட்சும் கையுமாக வாசலில் நின்றார். அவருடைய கணினிக் கணக்குப்படி இந்நேரம் ஐந்து மாடிக் கட்டடமும் காலியாகி, அத்தனை பேரும் வாகன நிறுத்தத்தில் கூடியிருக்க வேண்டும். அங்கே அவரையும் ஒரு பூனையையும் தவிர யாரும் இல்லை.

கடைசியில் ஒருத்தி வெளியே வந்தாள். அவருடைய மனைவி. அதே அலுவலகத்தில் இரண்டாவது மாடியில் வரைபடப் பிரிவில் இருப்பவள். தீ விபத்தின்போது தொடவே கூடாத லிஃப்ட்டில் இறங்கி வந்திருந்தாள்.

"வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் அதே லிஃப்ட்டில் மேலே போய்விட்டாள்.

கட்டடங்களை வடிவமைத்துத் தரும் நிறுவனம் அது. ஒரு கட்டடம் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் படி வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேறுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் மாதிரியைக் கணினியில் உருவாக்குவது அவர் வேலை. திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். மேலாளரை மட்டும் சற்றுப் பெரிதாகப் போட்டிருந்தார். அலுவலகத்தில் பெரும்புள்ளி அவர்தானே.

இப்போது புதிதாக ஒரு மருத்துவமனை கட்டும் வேலை வந்திருந்தது. அதன் படிக்கட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைப் புள்ளிக்காரரின் மாதிரிதான் முடிவு செய்யப்போகிறது. ஆனால் அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லேசுப்பட்டவர் இல்லை. முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஆபீஸ் ஆளுங்க எப்படி இறங்குவாங்கன்னே உங்க கம்ப்யூட்டர் சரியா சொல்லலைன்னா, என் நோயாளிங்களை அதை நம்பி எப்படி விடறது?"

மேலாளருக்கு அது வேண்டாத கேள்வியாகப் பட்டது. புள்ளிக்காரருக்கோ நியாயமான கேள்வியாகப் பட்டது. அதுதான் அவருக்குப் பிடித்த சனி. முதலில் சொந்தக் கட்டடத்தைக் கணக்கிட்டுக் காட்டி, பிறகு ஒத்திகை நடத்தி இரண்டையும் ஒப்பிடலாம் என்று அவரே வாய்விட்டு மாட்டிக்கொண்டார்.

முதல் ஒத்திகை பூனையோடு முடிந்ததும் அவர் மாடி மாடியாகப் போய் விசாரித்தார். ஏன் எழுந்து வரவில்லை என்று யாரைக் கேட்டாலும், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்திருக்கவில்லையே என்றார்கள். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் இவரைக் கைகாட்டினார். நாலாவது மாடியில் ஒருவர், மணிச் சத்தத்தைக் கேட்டு, யாரோ மைக்ரோவேவில் சாப்பாடு சூடு பண்ணுகிறார்கள் என்று நினைத்தாராம்.

மாதிரியில் இருந்த ஓட்டை புரிந்தது. மணி அடித்த நொடியே புள்ளிகள் நடக்க ஆரம்பித்துவிடுகின்றன. மனிதர்கள் அப்படி இல்லை. ஆகவே ஒரு விதியைச் சேர்த்தார். பக்கத்துப் புள்ளி நகர்ந்தால்தான் இந்தப் புள்ளி நகரும்.

மாதிரியை ஓட்டினார். புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றன. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் நின்றன. அந்தப் பக்கமாகப் போன மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"படம் நின்னுடுச்சா?"

"இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு. அவங்க யோசிச்சிட்டிருக்காங்க."

யாராவது ஒருவர் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெரும்புள்ளியிடம் கொடுத்தார். மேலாளர் கிளம்பினால் எல்லோரும் கிளம்புவார்கள் என்று விதியை மாற்றினார். இப்போது புள்ளிகள் நகர்ந்தன. ஆனால் பெரும்புள்ளி படியில் நின்று போன் பேசியது. மேலாளரை முந்திப்போக எந்தப் புள்ளிக்கும் தைரியம் வரவில்லை. மூன்று மாடி ஆட்களும் அவர் முதுகுக்குப் பின்னால் தேங்கி நின்றார்கள்.

மேலாளருக்கு இது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. தன்னால்தான் கம்பெனியே கருகும் என்று கணினி சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். அது பொய் என்று காட்டவே இரண்டாவது ஒத்திகைக்கு நாள் குறித்தார். அன்று மணி அடிப்பதற்குள்ளேயே அவர் படிக்கட்டில் தலைதெறிக்க ஓடினார். மேலாளர் ஓடுவதை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. நிஜமாகவே தீப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி அத்தனை பேரும் பின்னாலேயே பாய்ந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கட்டடம் காலி. படிக்கட்டு முழுக்க ஒற்றைச் செருப்புகள். யாரோ புண்ணியவான் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் பண்ணியிருந்தார். தீயணைப்பு வீரர்கள் வந்து, நெருப்பு எங்கே என்று கேட்டு, அது கணினிக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் புள்ளிக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார்கள்.

முதல் தடவை ஆட்கள் மாதிரியைவிட மெதுவாகப் போனார்கள். இந்தத் தடவை மாதிரியைவிட வேகமாகப் போய்விட்டார்கள். மாதிரி மாதிரியே நடக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

இனி பொதுவான விதி உதவாது, ஆளுக்கு ஒரு விதி எழுத வேண்டியதுதான் என்று புள்ளிக்காரர் முடிவெடுத்தார். சாப்பாட்டு நேரத்திலும் வீட்டுக்குப் போகும் நேரத்திலும் படிக்கட்டில் நின்று யார் எப்படி இறங்குகிறார்கள் என்று கவனித்தார். ஒரு ஆள் படியில் நின்று வருகிறவர் போகிறவரின் காலையே பார்க்கிறார் என்று காவலாளியிடம் புகார் போனது. அதையும் பொறுத்துக்கொண்டு ஒவ்வொருவரின் வழக்கத்தையும் அவரவர் புள்ளிக்குள் ஏற்றினார். தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று, புள்ளிகள் இறங்கும் படத்தை அலுவலகம் முழுவதற்கும் அனுப்பியும் வைத்தார்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. வடிவமைப்பாளர்கள் இருவர் கைகலப்புக்குப் போனார்கள். படிக்கட்டு வளைவில் இன்னார் புள்ளி தன் புள்ளியை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போகிறது என்பது வழக்கு. தன் புள்ளி ஏன் எப்போதும் கழிவறையிலிருந்தே கிளம்புகிறது என்று ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார். கணக்குப் பிரிவு அக்கா, தன் புள்ளி ஆமை மாதிரி ஊர்கிறது, தான் என்ன கிழவியா என்று இரண்டு நாள் பேசவில்லை. அவர் பயந்துபோய் அவளுடைய வேகத்தைக் கூட்டி வைத்தார்.

வீட்டில் அதைவிட மோசம். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிதானமாக ஆரம்பித்தாள்.

"என் புள்ளி ஏன் பாதிப் படியிலேருந்து திரும்பி மேல போகுது?"

"கைப்பையை எடுக்க."

"நெருப்பு பிடிச்சிருக்கும்போது நான் கைப்பைக்காகத் திரும்பிப் போவேனா?"

"தினம் சாயங்காலம் போறியே. அதைத்தான் போட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் நறுக்கினாள். "சரி, உங்க புள்ளி என்ன பண்ணுது?"

"எனக்குப் புள்ளி கிடையாது. நான் வெளியில நின்னு பாக்கிறவன்."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் அவள்.

அன்று ராத்திரியும் அவர் மாதிரியைத் திறந்து உட்கார்ந்தார். திருத்தித் திருத்தி அவருக்கே அலுத்துவிட்டது. திரையில் இருப்பது கணினி மாதிரியாகவே தெரியவில்லை. அலுவலகத்து வம்பையெல்லாம் படம் போட்டது போல இருந்தது. இதை நம்பியா சக்கர நாற்காலிக்காரர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் படியில் இறக்குவது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தன் மாதிரி நம்பத்தக்கது இல்லை என்று தலைமை மருத்துவரிடம் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று மேலாளரிடம் போய் நின்றார்.

மேலாளர் கேட்கவே இல்லை. மூன்றாவது ஒத்திகையைப் பார்க்க மருத்துவரே நேரில் வரப்போகிறார் என்றார்.

"இந்தத் தடவை ரெண்டும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

"ஆளுங்களோட மாதிரி ஒத்துப்போகணுமா சார், மாதிரியோட ஆளுங்களா?"

"எது எதோட போனா என்னய்யா. போனா சரி."

அந்த நாளும் வந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் திரையை வைத்திருந்தார்கள். தலைமை மருத்துவர் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைப் படிக்கட்டுக் கேமராப் படத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புள்ளிக்காரர் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டார். மணி அடித்தது.

திரையில் புள்ளிகள் ஒரு கணம் தயங்கின. மாடிகளில் ஆட்களும் தயங்கினார்கள். பெரும்புள்ளி கிளம்பியது, மேலாளர் கிளம்பினார். இரண்டாவது மாடியில் பெரும்புள்ளி போன் பேச நின்றது. மேலாளர் போனைக் காதில் வைத்தார். வளைவில் இரண்டு புள்ளிகள் உரசிக்கொண்டன. வடிவமைப்பாளர்கள் இருவரும் தோளோடு தோள் இடித்து, மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு புள்ளி பாதிப் படியிலிருந்து திரும்பி மேலே போனது. மனைவி திரும்பினாள், போனாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கடைசிப் புள்ளி திரையை விட்டு மறைந்தபோது கடைசி ஆளும் வாசலைத் தாண்டினார்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு பொருத்தத்தை அவர் பார்த்ததில்லை. மனிதர்களைக் கணக்கில் அடக்கவே முடியாது என்று நேற்றுவரை நினைத்தவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மனைவி பக்கத்தில் வந்து, யாரும் பார்க்காதபடி அவர் கையை ஒருமுறை அழுத்தினாள். இப்போது சந்தோஷம்தானே என்று கேட்டாள். ரொம்ப என்றார் அவர்.

தலைமை மருத்துவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "நான் சுலபத்துல எதையும் நம்புறவன் இல்ல. இதை நம்புறேன். படிக்கட்டு அகலம் நீங்க சொல்றதுதான்" என்றார். மேலாளர் மருத்துவமனை வரைபடத்தை மேசையில் விரித்துப் பேனாவை நீட்டினார். புள்ளிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அப்போது கணக்குப் பிரிவு அக்கா விந்தி விந்தி நடந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அடுத்த தடவை என் புள்ளியைக் கொஞ்சம் மெதுவாவே விட்டுடுப்பா, உன் படத்தைப் பாத்துப் பாத்து, இந்த ஒத்திகைக்கு ஒரு வாரமா எல்லாரும் ஒத்திகை பாத்ததுல எனக்கு முழங்காலே போயிடுச்சு."