மார்கழியில் வாங்கிய க்ரூஸர்

“சார், நீங்க ஒரு முடிவுக்கு வந்தீகன்னா நானும் சாப்பிடப் போயிருவேன்” என்றார் ஷோரூம் கிங்ஸ்லி.

மணி மூன்று. லிங்கேஸ்வரன் தேனிக்கு வந்து அந்த ஷோரூமுக்குள் நுழைந்தது காலை பத்தரைக்கு. இதற்குள் நான்கு டீ ஆகிவிட்டது.

அவர் முன்னால் சிவப்பு க்ரூஸர் பைக் ஒன்று ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது. இந்த வருட மாடல். டிசம்பர் முடிவதற்குள் எடுத்தால் நல்ல தள்ளுபடி. கிங்ஸ்லியின் கையிலிருந்த வழவழப்பான தாளில் இருந்தது அடுத்த வருட மாடல். கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்குமாம். போன் சார்ஜ் போடலாமாம். எந்த கியரில் போகிறோம் என்று நம்பர் காட்டுமாம். எல்லாம் சரி, பொங்கல் கழித்துத்தான் வருமாம்.

அங்கேதான் இடித்தது. மாட்டுப் பொங்கலன்று லிங்கேஸ்வரன் ஆண்டிபட்டியில் மாமனார் வீட்டுக்குப் போயாக வேண்டும். பதினொரு வருடமாகக் கம்பத்திலிருந்து மொபெட்டில்தான் போகிறார். பதினொரு வருடமாக மச்சினன் தங்கப்பாண்டியன் வாசலிலேயே நின்றுகொண்டு, “வாங்க மாமா, யூரியா எத்தன மூட்ட?” என்று கேட்கிறான். உரக்கடை வைத்திருப்பவரைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வியில்லைதான். ஆனால் சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடி நின்று சிரித்தால் பொங்கல் தொண்டையில் இறங்குமா? இந்த வருடம் அந்த வாயை அடைத்தே ஆக வேண்டும்.

மனைவி ஹேமாவதிக்குப் போன் போட்டார்.

“எந்த மாடலா இருந்தா என்ன? மார்கழியில புது வண்டி நம்ம வாசலுக்கு வரக்கூடாது. தை பொறக்கட்டும்” என்றாள். “நான் விடியக்கால எந்திரிச்சுக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன், நீங்க என்னடான்னா...”

“சரி ஆத்தா, சரி! புது மாடலே புக் பண்ணிர்றேன். தை ஒண்ணு டெலிவரி.”

போனைச் சட்டைப் பையில் வைத்தார். “தம்பி, அந்தச் சிவப்ப எடுங்க.”

வாசலுக்கு வரக்கூடாது, அவ்வளவுதானே? நம் வாசலுக்குத்தானே? மூன்று தெரு தள்ளி ரஃபி வீட்டு வாசல் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றிய கூட்டாளி.

“எனக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான் மாப்ள. கொண்டாந்து நிப்பாட்டு” என்றான் ரஃபி.

அவன் மனைவி ரம்லத் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “ஹேமாக்காகிட்ட நான் ஏண்ணே சொல்லப்போறேன்?” என்றாள்.

வண்டியை ஷோரூம் ஆள்தான் ஓட்டிக்கொண்டு வந்து, சாவியை ரம்லத் கையில் கொடுத்துவிட்டுப் போனார். லிங்கேஸ்வரன் கியர் வண்டியைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்ன? அன்று மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் சட்னி ஊற்றும்போது ஹேமாவதி கேட்டாள்.

“புது மாடல்ல போனுக்கு சார்ஜ் போடலாமாமே?”

தோசை பாதியில் நின்றது. “ஆமா... யாரு சொன்னா?”

“பேப்பர்ல போட்டிருந்தாக.”

நாசமாய்ப் போன பேப்பர்! லிங்கேஸ்வரன் எலக்ட்ரீஷியன் நாகராஜைக் கூட்டிக்கொண்டு ரஃபி வீட்டுக்கு ஓடினார். அரை மணி நேரத்தில் சார்ஜ் பாயிண்ட் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஹார்ன் அலறியது.

“வயரு எங்கனயோ ஒட்டுதுண்ணே” என்று நாகராஜ் தலையைச் சொறிந்தான். “இப்போதைக்கு வலது பக்கமாவே திரும்பிக்கங்க.”

வலது பக்கமாகவே திரும்பினால் ஆண்டிபட்டிக்கா போக முடியும்? கம்பத்தையே சுற்றிச் சுற்றி வரலாம்.

மறுநாள் ஹேமாவதி, “கியர் நம்பர் வேற காட்டுமாமே?” என்றாள். மறுபடியும் நாகராஜ். அவன் ஒட்டிவிட்டுப் போன சின்னப் பெட்டி எந்த கியரிலும் மூன்று என்றே காட்டியது.

“யாருண்ணே குனிஞ்சு பாக்கப்போறாக?” என்றான்.

அதைக் குனிந்து பார்த்தபோதுதான் லிங்கேஸ்வரன் மீட்டரையும் பார்த்தார். நூற்று எண்பது!

“என்ன ரஃபி, ஊர் சுத்துறியா?”

“யாரு, நானா? விடியக்கால பள்ளிவாசலுக்கே நடந்து போறவன் மாப்ள நான். ஒன் வண்டி மேல வெரல் பட்டிருந்தா என்னக் கேளு.”

நம்பாமல் இரண்டு நாள் கழித்துப் பார்த்தார். இருநூற்று நாற்பது. கோபத்தில் டேங்கிலிருந்த பெட்ரோலைக் குழாய் போட்டு உறிஞ்சி, கேனில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் போனால் டேங்க் நிரம்பியிருந்தது.

“பெட்ரோல் போட்டு வச்சிட்டுப் போற திருடன எந்த ஊர்ல பாத்த?” என்று கேட்ட ரஃபி, அதன்பின் அவரோடு பேசவே இல்லை. முப்பது வருடச் சிநேகிதம் ஒரு மீட்டரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. லிங்கேஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் மீட்டர் முந்நூற்றுத் தொண்ணூறு காட்டும்போது மனசு என்ன செய்யும்?

வீட்டிலும் சரியில்லை. கோயிலுக்குப் போனால் ஆறு மணிக்குத் திரும்பிவிடும் ஹேமாவதி இப்போதெல்லாம் ஏழுக்குத்தான் வந்தாள். “பஜன நீண்டுக்கிட்டே போகுதுங்க” என்றாள். பனியில் மூக்கு சிவந்திருந்தது. பாவம், இந்தப் பொய்யனுக்காகவும் சேர்த்துத்தான் கும்பிடுகிறாள் என்று லிங்கேஸ்வரனுக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது.

தை பிறந்தது. ரஃபி வாயைத் திறக்காமல் சாவியை நீட்டினான். லிங்கேஸ்வரன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். ஹேமாவதி ஆரத்தி சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கியர் பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

“புது மாடல்னா புது மாடல்தாங்க” என்றாள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பட்டுச் சேலையோடு அவள் பின்னால் உட்கார, தெருமுனை வருவதற்குள் வண்டி ஆறு தடவை அணைந்தது. கிளட்ச் கருங்கல்லாக இருந்தது.

“மெதுவா விடுங்க கிளட்ச்ச.”

“ஒனக்கு என்ன தெரியும்? பேசாம உக்காரு.”

அவள் சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள். எப்படியோ குதித்துக் குதித்து உத்தமபாளையம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இடது பக்கம் பெட்ரோல் பங்க். தங்கப்பாண்டியன் முகம் எப்படிச் சுருங்கப்போகிறது என்ற நினைப்பிலேயே லிங்கேஸ்வரன் இடது இண்டிகேட்டரைத் தட்டினார். ஹார்ன் ஊரைக் கூட்டியது. பதறிப்போய் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பம்புக்கு முன்னால் அணைந்தது.

பெட்ரோல் போடும் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். வந்தவள் லிங்கேஸ்வரனைப் பார்க்கவே இல்லை.

“வாங்கக்கா! ஹார்ன் சத்தத்துலயே நீங்கதான்னு நெனச்சேன். என்ன, இன்னைக்குப் பின்னாடி உக்காந்து வாரீக? பழைய மாடல் கிளட்ச்சுலயா அண்ணனப் பழக விடுறீக?”