தழும்பு பத்தாத ஆபரேஷன்

பெரியப்பா உத்திராபதி அவர்களுக்கு,

என் அப்பாவின் முதுகை உடைத்தது நீங்கள்தான். மற்றபடி இங்கு எல்லோரும் நலம். அங்கு பெரியம்மாவும் நீங்கள் வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தம்பிதானே என்று கூலியில்லாமல் வருடக்கணக்காக மூட்டை தூக்க வைத்தீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிவிட்டது. அப்பா நொண்டியபோது, "வேம்பு வேலைக்குப் பயந்துகிட்டு நடிக்கிறான்" என்றீர்கள். முதுகைப் பிளப்பார்கள் என்று பயந்து, அழுதுகொண்டேதான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பிளக்கவில்லை. சுண்டுவிரல் நகமளவு துளை போட்டு, முனையில் கேமரா வைத்த பென்சில் பருமன் குழாயை உள்ளே விட்டார். மரத்துப்போக ஊசி போட்டது அந்த இடத்துக்கு மட்டும்தான். அப்பா கவிழ்ந்து படுத்தபடி, "சார், மழை வருங்களா? வெங்காயம் வெளிய கெடக்குது" என்று கேட்டாராம். பிறகு டாக்டர் எனக்கு வீடியோவைக் காட்டினார். பெரியப்பா, நண்டுச் சதைபோல வெள்ளையாக ஒரு துண்டு. சின்ன இடுக்கி ஒன்று அதைக் கவ்வி இழுத்ததும், நசுங்கிக் கிடந்த நரம்பு மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. உங்கள் மூட்டைகள் அத்தனையும் இந்த நூல் மேல்தான் உட்கார்ந்திருந்தன. சாயங்காலமே அப்பா எழுந்து நடந்தார்.

அதில்தான் வந்தது வினை. நலம் விசாரிக்க வந்த அனுசுயா அத்தை அப்பாவின் சட்டையைத் தூக்கி, பேன் பார்ப்பதுபோல் காயத்தைத் தேடினார். "எங்கடி கீறுனாங்க? கொசு கடிச்சாப்புல இருக்கு. இதுக்குப் போயி ஆர்லிக்ஸ் வாங்கியாந்தேனே!" நீங்களோ, "தையலே ஒன்னுதான். எந்திரிடா, லோடு கெடக்குது" என்றீர்கள். முதுகு முழுக்கப் பிளந்திருந்தால் ஆறு மாதம் விட்டிருப்பீர்கள். காயம் சின்னதாக இருப்பது அவர் குற்றமா?

இனி எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டைப் பக்கமே போவதில்லை என்று அப்பாவும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். ஆகவே கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நேரான முதுகும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி மகள் அபிநயா,
குன்னம்.

பி.கு.: எழுதிவிட்டு நிமிர்ந்தால் கட்டிலில் அப்பா இல்லை. "லாரி வந்துருச்சாம், அண்ணன் ஒண்டியா என்ன பண்ணும்னுட்டுப் போயிட்டாரு" என்கிறார் அம்மா. தபாலுக்கு நேரமில்லை. இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு ஓடி வருகிறேன். இதைப் படித்த கையோடு அவர் முதுகிலிருந்து மூட்டையை இறக்குங்கள்.