பால்கனி நாற்காலியும் ஒரு அட்ஜஸ்ட்டும்

மைசூர்,
விஜயதசமிக்கு மறுநாள்

அன்புள்ள மைத்துனர் எரிக்குக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்கா மெட்டில்டா சுகம், மகள் ஷாரன் சுகம். நான் சுகமில்லை. காரணம் நீ. மேற்கொண்டு படி.

ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் தசரா என்றால் சிறப்பு ரயில்கள், எனக்கு லீவு கிடையாது. ஊர்வலம் போகும் வீதியிலேயே குடியிருந்தும் அம்பாரி யானையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது உனக்கே தெரியும். இந்த வருஷம் ரிட்டயர் ஆகி, பால்கனியில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நீ ஹனூரிலிருந்து அனுப்பிய கூட்டம் படியேறி வந்தது. முன்னால் வந்த ஜடையன் என்பவர், "ஏனுங்க, எங்க அக்கா வீட்டுக்காரரு தங்கமானவரு, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாருன்னு எரிக் சார் சொன்னாருங்க" என்றார். தங்கமானவன் என்ன செய்வான்? நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். பசம்மா என்ற வயதான அம்மாளுக்கு முழங்கால் வலியாம், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சாமி" என்று கன்னடத்தில் கேட்டார், நாற்காலி போயிற்று. பெஞ்சு ஓரத்தில் ஒண்டினேன், ஒரு குழந்தைக்கு மறைக்கிறது என்றார்கள், எழுந்தேன், நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதாம், கதவோரம் போனேன், அங்கே உன் அக்கா பிடித்துக்கொண்டு, "சும்மாதானே நிக்கறீங்க, எல்லாருக்கும் காபி கலக்குங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று அடுப்படிக்குத் தள்ளிவிட்டாள். வெளியே பேண்டு வாத்தியம், "ஆனெ! ஆனெ!" என்று கூச்சல், அடுப்பில் பால் பொங்குகிறது. இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தால் யானை போய்விட்டது. போலீஸ் குதிரைகளின் வால்தான் தெரிந்தது.

வயிறு எரிந்து ஷாரனிடம், "நீ காலேஜில இங்கிலீஷ் சொல்லித் தர்றியே, யாரும்மா இந்த அட்ஜஸ்ட்டுங்கற சொல்லைக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டேன். "மூலம் லத்தீன்ப்பா, பிரெஞ்சு வழியா வந்தது. பக்கத்துல கொண்டுவர்றதுன்னு அர்த்தம்" என்றாள். எல்லோரும் பக்கத்தில்தான் வந்தார்கள், யானையைத் தவிர. அகராதியைப் பார்த்தேன். கடிகாரத்தைச் சரிசெய்யலாம், கண்ணாடியைப் பொருத்தலாம், புது இடத்துக்குப் பழகிக்கொள்ளலாம் என்றிருக்கிறது. வெள்ளைக்காரன் திருகாணியைத் திருகினான், நம் ஊரில் ஆளையே திருகுகிறார்கள்! பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக நெருக்குபவனும் அதையே சொல்கிறான், தண்ணீர் விடாத வீட்டு ஓனரும் அதையே சொல்கிறார். சொல்பவன் ஒருநாளும் அட்ஜஸ்ட் ஆவதில்லை, கேட்பவன்தான் ஆகிறான். இனி என் வாயிலிருந்து அந்தச் சொல் வராது. என் வீட்டுக்கு இனி ஈ எறும்பைக்கூட அனுப்பாதே.

நிம்மிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
யானை பார்க்காத மைக்கேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மெட்டில்டா ஒன்று சொன்னாள். யானை வந்ததும் பசம்மா அந்த முழங்காலோடு எழுந்து நின்று, கண்ணீர் வழியக் கும்பிட்டாராம். சாவதற்குள் இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும் என்றாராம். மனசு கேட்கவில்லை. அடுத்த தசராவுக்கும் எல்லோரையும் அனுப்பு, நாற்காலி அந்த அம்மாளுக்கே. எனக்குத்தான் இங்கே இடமிருக்காது, ஆகவே ஹனூருக்கு வந்து உன் வீட்டு டிவியில் பார்த்துக்கொள்கிறேன். டிவிக்கு நேர் எதிரே உள்ள சோபாவில் நீதான் உட்காருவாய் என்று தெரியும். அன்று ஒருநாள் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்.