காபி ஆறுவதற்குள் அலுவலகம்

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், அவர்கள் வார இதழ்களின் பின்பக்கங்களைப் படிக்காதவர்கள். படித்திருந்தால், தலையாயது என்பது தலைக்கு மேல் சுற்றுவதுதான் என்று தெரிந்திருக்கும். ஆம், வீட்டுக்கொரு குட்டி ஹெலிகாப்டர்! சாலை வேண்டாம், சிக்னல் வேண்டாம், முன்னால் போகிறவனைத் திட்ட வேண்டாம். மனிதனுக்கு இறக்கை வைக்க மறந்துபோன இயற்கையின் கவனக்குறைவு ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டது.

இந்தப் பேருண்மையை வாராவாரம் உலகுக்கு அறிவித்து வந்தவருக்கு அலுவலகத்தில் 'ஆகாயம்' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பட்டம் என்றால் பறக்கத்தானே வேண்டும்? அந்த வார இதழில் 'வருங்காலம்' பகுதி அவர் பொறுப்பு. நிகழ்காலத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

ஹெலிகாப்டர் பற்றிய அவருடைய ஞானம் முழுவதும் பஸ்ஸில் பிறந்தது. தினமும் காலையில் படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கிக்கொண்டு வருபவருக்கு ஆகாய மார்க்கமாக எண்ணம் போவதில் வியப்பில்லை. நெரிசல் கூடக்கூட அவர் நடையில் மெருகு கூடியது. 'ஒவ்வொரு மொட்டை மாடியும் ஓய்ந்து கிடக்கும் ஒரு விமான நிலையமே' என்று எழுதினார். 'தையல் இயந்திரம் போடும் சத்தம்தான் போடும்' என்று எழுதினார். 'சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தானாகவே வந்துவிடும்', 'ஒரு ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோல் போதும்' என்றெல்லாம் எழுதினார். எல்லாவற்றுக்கும் சிகரமாக, வாசகர் வட்டாரத்தில் பெரும் புகழ் பெற்ற அந்தத் தலைப்பு: 'காபி ஆறுவதற்குள் அலுவலகம்!'

இவ்வளவு எழுதியவர் ஒரு ஹெலிகாப்டரைத் தொட்டதுண்டா என்று கேட்பது நாகரிகம் அல்ல. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஸ்டூல் மீது ஏறுவது அவர் மனைவி. அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். அதாவது 'தரைக் கட்டுப்பாட்டு நிலையம்'.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசல் மணி அடித்தது. ஒல்லியாக, மெல்லிய குரலில் பேசுகிற ஒரு மனிதர் நின்றிருந்தார்.

"ஆகாயம் சார் வீடு இதுதானே? நான் பல் டாக்டர் சார். உங்க வாசகன்."

ஆகாயம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வாசகர் ஒருவர் வீடு தேடி வருவது எழுத்தாளனுக்குக் கிடைக்கும் உச்சபட்ச மரியாதை. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

"உங்க கட்டுரை எல்லாத்தையும் வெட்டி கிளினிக் கூரையில ஒட்டி வெச்சிருக்கேன் சார். பேஷன்ட் நாற்காலியில சாஞ்சா நேரா கண்ணுல படும். வாயைத் திறந்துக்கிட்டே படிப்பாங்க."

"ரொம்ப சந்தோஷம்."

"நீங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு, நானே ஒண்ணு செஞ்சுட்டேன் சார்."

"கட்டுரையா?"

"ஹெலிகாப்டர் சார்."

ஆகாயம் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பல் டாக்டர் அடக்கமாக விவரித்தார். பாகம் பாகமாக வரவழைத்து, கிளினிக்குக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் வைத்து, பேஷன்ட் இல்லாத நேரமெல்லாம் முடுக்கி முடுக்கிச் சேர்த்திருந்தார். சில இடங்களில் பல் பிடுங்கும் குறடுதான் கைகொடுத்ததாம். ஊருக்கு வெளியே திடலில் எழுப்பி இறக்கியும் பார்த்தாகிவிட்டது. அனுமதிகூடக் கிடைத்துவிட்டது. அனுமதி கொடுத்த அதிகாரியும் ஆகாயத்தின் வாசகர்தான்.

"ரெண்டு பேர் உக்காரலாம் சார். ஊருக்கு மேல போற முதல் பயணம் உங்களோடதான் இருக்கணும். உங்க வீட்டுலேருந்து உங்க ஆபீஸுக்கு."

 முதுகு வலி, தலைசுற்றல், ஜாதகம் என்று மூன்று காரணங்கள் ஆகாயத்தின் நாக்கு நுனிக்கு வந்தன. அதற்குள் உள்ளேயிருந்து மனைவி வந்துவிட்டாள்.

"தாராளமா வருவார் தம்பி. தையல் மிஷின் மாதிரிதானாமே? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அது யாரையும் ஒண்ணும் பண்ணினதில்ல" என்றாள். அவள் முகத்தில் வஞ்சகம் துளியும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதழின் ஆசிரியர் காதுக்குப் போயிற்று. ஆசிரியர் துள்ளிக் குதித்தார்.

"யோவ் ஆகாயம், ஒரு யோசனை! வீட்டுல சூடா ஒரு கப் காபியைக் கையில எடுத்துக்கோ. நம்ம மாடியில வந்து இறங்கி, ஆவி பறக்க அதைக் குடிக்கிறே. போட்டோக்காரர் ரெடியா நிப்பார். அட்டைப்படம்யா!"

"பிளாஸ்க்குல கொண்டு வரட்டுமா சார்?"

"பிளாஸ்க்கா? அது வாசகனை ஏமாத்துற மாதிரி இல்லையா?" என்றார் ஆசிரியர். அந்த இதழ் நேர்மைக்குப் பெயர் போனது.

குறித்த நாளில், வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், பல் டாக்டர் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டிய ஹெலிகாப்டர் நின்றது. ஆகாயம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கதவு இல்லை. கதவு ஏன் இல்லை என்று கேட்டார்.

"எடை குறையும்னு நீங்கதான் சார் எழுதியிருந்தீங்க."

ஆகாயம் தம் எழுத்தை மனதுக்குள் முதல் முறையாக வாசித்துப் பார்த்தார். எடை என்றதும் இன்னொன்றும் வந்தது. பல் டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஷூவைக் கழற்றச் சொன்னார். பிறகு பெல்ட். பிறகு சாவிக்கொத்து. வருங்காலத்தின் தூதர் வெறுங்காலுடன், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் காபிக் கோப்பையுடன் ஏறி அமர்ந்தார்.

"ஒண்ணுமே தெரியாது சார். லேசா ஒரு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார் பல் டாக்டர், தொழில் பழக்கத்தில்.

விசிறி சுற்றத் தொடங்கியது. தையல் இயந்திரம்தான், ஐயமில்லை. ஊரிலுள்ள தையல் இயந்திரம் அத்தனையையும் ஒரே தகரப் பெட்டியில் போட்டு மாடிப்படியில் உருட்டிவிட்டால் வருகிற சத்தம். தரை நழுவியது. ஸ்டூலைப் பிடிக்க யாருமில்லாத உயரத்துக்கு ஆகாயம் வாழ்வில் முதன்முறையாகப் போனார். காபி கோப்பையைவிட்டுத் தானாக எழுந்து நின்று, சற்று யோசித்து, அவர் சட்டையில் வந்து அமர்ந்தது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பல்லைக் கடிக்காதீங்க சார்!" என்று டாக்டர் கத்தினார். "எனாமல் தேஞ்சுடும்!"

கீழே அவருடைய பஸ் போய்க்கொண்டிருந்தது. அதாவது நின்றுகொண்டிருந்தது. கூட்டம் வழிந்தது, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருந்திருக்கும். அந்த முழங்கைகளுக்காக ஆகாயத்தின் கண்கள் கலங்கின.

தலைப்பில் கொடுத்த வாக்குத் தவறவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். சட்டையிலிருந்த காபி ஆறுவதற்குள் அவர்கள் அலுவலகத்தை அடைந்துவிட்டார்கள். அலுவலகத்தின் மேற்புறத்தை, அவ்வளவுதான். ஓய்ந்து கிடக்க வேண்டிய அந்த 'விமான நிலையத்தில்' தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. செல்போன் கோபுரம் இருந்தது. உடைந்த நாற்காலிகள் மலைபோல் குவிந்திருந்தன. மிச்சமிருந்த இடத்தில் ஆசிரியர் தலைமையில் அலுவலகமே திரண்டு நின்று, 'வருக' என்ற பேனரைப் பிடித்துக் கையசைத்துக்கொண்டிருந்தது.

"எங்க சார் இறங்குறது?" என்று டாக்டர் கத்தினார்.

கட்டுரையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்டதில்லை.

சுற்றினார்கள். எந்த விஷயத்தையும் சுற்றி வளைத்தே சொல்லிப் பழகிய ஆகாயத்துக்குக்கூட அந்தச் சுற்று தாங்கவில்லை. காற்றில் பேனர் கிழிந்து 'வரு' ஒரு பக்கமும் 'க' மறுபக்கமும் போயின. திருத்துவதற்காக யாரோ கையில் வைத்திருந்த அடுத்த வாரத்துப் பக்கங்கள் பிய்த்துக்கொண்டு பறந்தன. அப்படியாக அந்த இதழ் வரலாற்றிலேயே முதல் முறையாகக் குறித்த தேதிக்கு முன்பே, தெருவெங்கும் 'வெளியானது'. போட்டோக்காரர் மட்டும் கடமை தவறாமல் கிளிக் செய்துகொண்டிருந்தார்.

அப்போது டாக்டரின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன அது?" என்றார் ஆகாயம்.

"பெட்ரோல் சார். ஸ்கூட்டர் அளவுக்குத்தான் ஊத்தினேன்."

"ஏன்?"

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாணவனின் பார்வை அது. ஆகாயம் கண்களை மூடிக்கொண்டார். இந்த மனிதர் இறக்கைகளை நம்பிப் பறக்கவில்லை, என் வாக்கியங்களை நம்பிப் பறக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. வாக்கியங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இறங்க இடம் தேடி, ஊர் எல்லையைக் கடந்து, செங்கல் சூளை ஒன்றின் பக்கத்து மைதானத்தில், கிளம்பிய இடத்திலிருந்து அலுவலகம் இருக்கும் தூரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, ஹெலிகாப்டர் தடாலென்று உட்கார்ந்தது. விசிறி ஓய்ந்தது.  எத்தனையோ கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய டாக்டர், கைப்பிடியிலிருந்து தம் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இதுக்கு முன்னாடி நீங்க எத்தனை தடவை பறந்திருக்கீங்க?"

"கட்டுரையிலயா?"



"சைக்கிளாவது ஓட்டுவீங்களா சார்?"

"பின்னாடி உக்காருவேன்."

செங்கல் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, ஹெலிகாப்டரை லாரியில் ஏற்றிக்கொண்டார். முன் இருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் வழக்கமான நெரிசல். லாரி நகர்வதாக இல்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணே, பின்னாடி இருக்கே, அது பறக்குமா?" என்றார் லாரிக்காரர்.

"பறக்கும்" என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏன் என் வண்டியில வருது?"

டாக்டர் ஆகாயத்தைப் பார்த்தார். எதற்கும் விளக்கம் எழுதக்கூடிய ஆகாயம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவருடைய பஸ் அவர்களை மெல்ல முந்திச் சென்றது.

வீடு போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நடந்ததை நடந்தபடியே எழுதுவது. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினார்: 'பயந்து செத்தேன்.' அவர் எழுதிய வரிகளிலேயே மிகச் சிறியது அது, உண்மையானதும்கூட. ஆசிரியர் பின்னால் வந்து நின்று படித்தார்.

"யாருய்யா பயந்தது?"

"நான்தான் சார்."

"வாசகன் உன்னைப் பத்தியா படிக்கப்போறான்? ஹெலிகாப்டரைப் பத்திப் படிக்கப்போறான். ஹெலிகாப்டர் பயந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்போ வெட்டு. அடுத்தது என்ன, 'சூளைப் பக்கம் இறங்கினோம்'? இறங்குச்சுல்ல? 'திட்டமிட்ட பயணத்தையும் தாண்டி நெடுந்தூரம் பறந்தது'ன்னு போடு. பொய்யா?"

"பொய் இல்ல சார்."

"லாரி?"

"லாரியில வந்தோம் சார்."

"'சாலை மார்க்கமாகவும் எளிதில் எடுத்துச் செல்லலாம்.' எழுதிக்கோ. காபி ஆறுறதுக்குள்ள ஆபீஸுக்கு வந்தீங்களா இல்லையா?"

"வந்தோம் சார். மேல."

"மேலதானே ஹெலிகாப்டர் வரும்? கீழே வந்தா அதுக்குப் பேரு ஆட்டோ."

ஆகாயம் நியாயத்துக்காகக் கடைசி வரை போராடினார். இரண்டு காற்புள்ளிகளை விட்டுத்தர மறுத்துவிட்டார். மற்றபடி, வரிக்கு வரி பொய்யே இல்லாத அந்தக் கட்டுரை அட்டைப்படத்துடன் வெளிவந்தது. படத்தில் ஆகாயம் கண்களை மூடியிருந்தார். 'வருங்காலத்தைக் கனவு காணும் நம் கட்டுரையாளர்' என்று கீழே போட்டிருந்தது. அச்சில் படித்துப் பார்த்தபோது, மறைப்பானேன், அவருக்கே நெஞ்சு விம்மியது. அப்படிப்பட்ட ஒரு பயணம் தமக்கு வாய்க்கவில்லையே என்று ஏக்கமாகக்கூட இருந்தது.

இதழ் வந்த அன்று மாலை டாக்டரிடமிருந்து தொலைபேசி வந்தது.  உலகத்தில் இந்த ஒரு வாசகரைத்தான் ஆகாயம் ஏமாற்ற முடியாது. திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று எடுத்தார். திட்டு விழுந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"சார்" என்றது அந்த மெல்லிய குரல். "அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு முடிவு எடுத்தேன். இனிமே அதைத் தொடவே கூடாதுன்னு. பழைய இரும்புக்காரரைக்கூட இன்னிக்கு வரச் சொல்லியிருந்தேன்."

"நல்ல முடிவு டாக்டர்" என்றார் ஆகாயம். மனதாரச் சொன்னார்.

"அவர் வர்றதுக்குள்ள உங்க கட்டுரையைப் படிச்சுட்டேன் சார். ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"டாக்டர், நீங்கதான் எல்லாத்தையும் நேர்ல பாத்தீங்களே!"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்" என்றார் பல் டாக்டர்.  "நான் உங்க பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். நாந்தான் ஓட்டினேன். அப்படி இருந்தும் நம்பிட்டேனே சார்!"