பதினாறாயிரத்து எண்ணூற்று ஏழு வழிகள்

எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் என்றொரு இனம் உண்டு. காரைக்காலில் அதற்குப் பஞ்சமில்லை. வேட்டி எடுக்கப் போனால் அலமாரி முழுவதையும் இறக்கச் சொல்வார். மகளுக்கு நல்ல வரன் அமைந்தால், இன்னும் பார்க்காத வரன்கள் எத்தனை என்று தரகரைக் குடைவார். முதலில் கண்டதே சரியாக இருந்துவிட்டால் அன்றிரவு தூங்கமாட்டார். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்குமே?

எனக்குத் தெரிந்தவர் பஞ்சநாதன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 1981-இல் கருக்களாச்சேரிப் பக்கம் ஒரு குடியிருப்பின் குடிநீர்க் குழுவுக்குத் தலைவர். ஆறு தெரு, ஒரு தொட்டி. இந்த ஏழு இடங்களையும் ஆறு குழாய்களால் இணைக்க வேண்டும், மொத்த நீளம் குறைவாக இருக்க வேண்டும். இருபத்தொரு தூரங்களையும் நாடா பிடித்து அளந்து குறித்தவன் நான். தலைவர் கையெழுத்திட்டால் வேலை தொடங்கும். அதுவரை காசியம்மாவும் மற்றப் பெண்களும் நல்ல தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாசி பிறந்துவிட்டது.

குழாய் வேலைக்கார முத்தையன் என் தாளைப் பார்த்தார்.

"இருக்கறதுலயே சின்னத் தூரத்த மொதல்ல போடுவோங்க. அப்பறம் அடுத்த சின்னது. ஏற்கனவே சேந்துட்ட ரெண்டு எடத்துக்கு நடுவுல வந்தா அத வுட்டுடுவோம், தண்ணி சும்மா சுத்தத்தான் சுத்தும்."

அரை மணியில் ஆறு குழாயும் தேர்வாகிவிட்டன.

"மத்த வழியெல்லாம் பாத்தியாப்பா?" என்றார் பஞ்சநாதன். மொத்தம் 16,807 வழிகளாம். அதற்குச் சூத்திரமே இருக்கிறதாம். ஒவ்வொன்றாக எழுதி நீளத்தைக் கூட்டத் தொடங்கினார். நாளைக்கு முப்பது வீதம் என்றால் ஐந்நூற்று அறுபத்தொரு நாள். போட்டுப் பார்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து ஒரு கணித இதழ் வரவழைத்தார். சுற்று விழாமல் இணைக்கும் இத்தகைய அமைப்புக்கு மேட்ராய்டு என்று பெயராம். அதில் சிறியதிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் குறைந்த நீளமே கிடைக்கும் என்பது நிரூபணமானதாம்.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்களே?" என்றார் முத்தையன்.

"சரிதான். ஆனா ஒண்ணு கேளு. வேற சில மேட்ராய்டுல நல்லதப் புடிக்கறது சுலபம், மொத்தம் எத்தனை வழின்னு எண்ணத்தான் வேகமான வழி எந்த மெஷினுக்கும் தெரியல." இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் துளித்தது. துக்கமா? ஆனந்தம். எண்ணித் தீராத ஒன்று உலகில் இருக்கிறது.

காசியம்மா வெறுங்குடத்தை அவர் நோட்டின் மேலேயே வைத்தார்.

"சாரு வூட்டுக் கொல்லையில கெணறு இருக்கு, ஆயுசு முழுக்க எண்ணலாம். கையெழுத்த மட்டும் இப்பப் போட்டுட்டு எண்ணுங்க."

போட்டார். வைகாசியில் தண்ணீர் வந்தது. முதல் குடம் நிரம்பும்போதும் அவர் 2,113-ஆவது வழியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வாசகரே, எத்தனையோ பேர் இருக்க இந்த ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினானே, மற்றவர்களையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினானா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் ஒரு நிமிடம் படிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கையெழுத்துக்காக வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.