ஹெட்கிளார்க் முகத்துத் தடிப்பு

இனிமேல் தன் முகம் தனக்கே சொந்தம் என்று ஹெட்கிளார்க் முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கும்போது.

பாவம், அவர் என்ன செய்வார்? மனைவி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒப்பனை செய்யும் படிப்பில் சேர்ந்து பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் மனிதர் பதினாறு முறை தீக்காயம் பட்டார், நான்கு முறை கத்திக்குத்து வாங்கினார், ஒருமுறை செத்தே போனார். செத்த அன்று பால்காரர் கதவைத் தட்ட, இவரே போய்த் திறந்தார். அதோடு அந்தத் தெருவுக்கே பால் நின்றுபோயிற்று.

இன்று கடைசிப் பரீட்சை. பத்து மணிக்கு அவரை எண்பது வயதுக் கிழவராக்க வேண்டும். அவள் தேறிவிட்டால் மேற்படிப்பு இரண்டு வருடம். அரக்கன், குரங்கு, அழுகிய பிணம் எல்லாம் பாடத்தில் உண்டு. தேறாவிட்டால் ஒப்பனைப் பெட்டி பரணுக்குப் போய்விடும். வர முடியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. புதிதாகப் பழக நேரமுமில்லை.

அப்போதுதான் பயிற்சிக்கூடத்து விதி ஒன்று நினைவுக்கு வந்தது. தோலில் தொந்தரவு இருப்பவருக்கு ஒப்பனை போடக்கூடாது. அவள் உரக்கப் படித்துப் படித்து அவருக்கே மனப்பாடம். பெட்டி திறந்து கிடந்தது. சிவப்புச் சாய டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறையில் தாழிட்டுக்கொண்டார். பத்து மாதம் சும்மாவா உட்கார்ந்திருந்தார்? பஞ்சால் ஒற்றி ஒற்றி, முகமெல்லாம் தடிப்புத் தடிப்பாக ஏற்றினார். பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன் வீடு மாறிவிடுவான்.

மனைவி அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அரிக்குதா?"

"உயிர் போகுதும்மா."

"கழுத்துல ஒண்ணையும் காணோமே?"

"அது... இன்னும் இறங்கல."

ஆளில்லை என்று பரீட்சையில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் படுங்கள் என்றாள். சண்டையில்லை, கண்ணீரில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். ஹெட்கிளார்க் சீட்டியடித்தபடி கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

பிறகு முகத்தைக் கழுவினார். போகவில்லை. சோப்புப் போட்டார். சோப்பு கரைந்தது, தடிப்பு கரையவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பல்பொடியையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மிச்சமிருந்த நல்ல தோலும் சிவந்தது. மூன்று மணிக்குப் புதிய மேலதிகாரி அலுவலகத்துக்கு வருகிறார். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர் இவர். போனை எடுத்தார்.

"இந்தாம்மா, இது போகவே மாட்டேங்குது."

"வியாதி கழுவினா போகுமாங்க? டாக்டரைப் பாருங்க."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள். "மழையில நனையற காட்சிக்குப் போடற சாயம் அது. தண்ணிக்கும் சோப்புக்கும் அசையாது. அதை எடுக்கிறது என் பெட்டியில இருக்கு."

"ஒரு நடை வீட்டுக்கு வந்து..."

"பரீட்சை ஹாலை விட்டு வெளியே விட மாட்டாங்க. உள்ளேயும், ஒப்பனைக்கு உட்கார்றவங்களைத்தான் விடுவாங்க. பத்தடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்க."

பதினெட்டாவது நிமிடம் ஹெட்கிளார்க் நாற்காலியில் இருந்தார். வெறும் சாயம்தான் என்று மனைவி பரிசோதகரிடம் சொல்லிவிட்டு, தடிப்புக்கு மேலேயே சுருக்கம் சுருக்கமாக எண்பது வயதை ஏற்றினாள். மூன்று மணி நேரம். பரிசோதகர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுருக்கம் எல்லோரும் போடுகிறார்கள், முகத்தில் இப்படி ஓர் எரிச்சலைக் கொண்டுவந்தது எப்படி என்று வியந்தார்.

"அது இருபத்திரண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினது சார்" என்றாள் மனைவி அடக்கமாக.

முதல் மதிப்பெண் அவளுக்கே. ஹெட்கிளார்க் கடிகாரத்தைக் காட்டினார். அவள் பெட்டியிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, பஞ்சில் நனைத்து, ஓர் இழுப்பு இழுத்தாள். கிழவரும் போனார், தடிப்பும் போயிற்று. வாசனை மட்டும் அவருக்கு எங்கோ பழகியதாக இருந்தது. இது என்ன மருந்து என்று கேட்டார்.

"நீங்க தினம் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்தாங்க. குளியலறையில, பல்பொடிக்கு முன்னாடியே இருக்குமே."